முப்பத்தொன்றாவது மணி

ஹுமாயூன் கண் விழிக்கும்போது டிரான்சிஸ்டரில் சத்தமில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் நோட்டின் மேல் சாய்ந்து கிடக்கிறது. எந்தக் கம்பெனி பேட்டரி செல் அதிக நேரம் உழைக்கிறது என்று பார்க்க, நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்து ரேடியோவை நிறுத்தாமல் ஓடவிட்டு, மணிக்கு ஒரு வரி எழுதிவருகிறான். இரவில் நிலையம் மூடிய பிறகு வெறும் இரைச்சலையும் குறித்திருக்கிறான். கடைசி வரி இன்று மதியம் மூன்று மணிக்கு. இப்போது மாலை ஐந்து. ஆறு மணி டைப்ரைட்டிங் வகுப்பில் நகலெடுக்க ஸ்டென்சில் அடித்தால்தான், இந்தச் சோதனை முடிவைச் சொல்லும் அவனுடைய ஒற்றைத் தாள் பத்திரிகை நாளை நாற்பது பேருக்குப் போகும். “செல் தீரல. நாந்தான் நிறுத்துனேன்,” என்கிறாள் அக்கா சௌதா, முறத்திலிருந்து கண்ணெடுக்காமல். “எப்ப லாத்தா?” “நீ வாயப் பொளந்து தூங்குனப்ப.” குமிழைத் திருகுகிறான். மூன்று மணிக்குத் தேய்ந்திருந்த குரல் கணீரென்று வருகிறது. ஓய்வெடுத்த செல்லுக்குத் தெம்பு திரும்பிவிட்டது; இனி எந்தக் கணக்கும் பொய். “முப்பத்தஞ்சு மணி நேரம்னு போட்டுரு. எவன் கேக்கப் போறான்?” “சோழபுரத்து வேலுசாமி அண்ணன் ராத்திரி தண்ணி பாய்ச்ச என் தாளப் பாத்துத்தான் டார்ச்சுக்குச் செல் வாங்குதாரு.”  ஹுமாயூன் ஸ்கேல் வைத்து முப்பத்தொரு வரிகளையும் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிடுகிறான். நாளைக்குத் தாள் போகாவிட்டால் போகட்டும் என்று புது செல்களைப் போட்டு, “ஐந்தே கால்: குரல் தெளிவு” என்று எழுதுகிறான். தூக்கக் கலக்கத்தில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சௌதா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “நீ தூங்கு, அடுத்த வரிய நான் எழுதுதேன்,” என்று அவன் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொள்கிறாள்.