ஆறாம் வகை

"உள்ள போகக் கூடாதும்மா!" என்று டெக்னீஷியன் கத்தி முடிப்பதற்குள் தையல்காரி ரிப்போர்ட் அறைக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள். அரை இருட்டு. இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஸ்கேன் டாக்டரம்மா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"யாரோட ரிப்போர்ட்டை என் தலையில கட்டுறீங்க?" கையிலிருந்த தாளை மேஜையில் ஓங்கி வைத்தாள். "வெளியே சுவத்துல அட்டை மாட்டியிருக்கீங்களே, படிச்சுட்டுத்தான் வர்றேன். மார்பு ஸ்கேன்ல ரெண்டுன்னா பயமில்லை. மூணுன்னா ஆறு மாசம் கழிச்சு வரணும். நாலு, அஞ்சுன்னா ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்கணும். ஆறுன்னா, புற்றுநோய்னு ஊசியில ஏற்கெனவே உறுதியானவங்க. எனக்கு ஆறுன்னு போட்டிருக்கே, யாரு உறுதி பண்ணினது? எப்போ?"

பின்னாலேயே அவள் கணவர் மூச்சிரைக்க வந்தார். அச்சகக்காரர். முகத்தில் மாஸ்க். கதவைக் கையால் தொடாமல் முழங்கையால் தள்ளினார்.

"கத்தாதேம்மா, உன் உடம்புக்கு ஆகாது." நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் இடுப்பின் இடப்பக்கத்தைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

"மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும் டாக்டர்," என்றார் அச்சகக்காரர். "நானே மாப்பிள்ளை பேர் வர்ற இடத்துல மாமனார் பேரைப் போட்டு ஐந்நூறு கல்யாணப் பத்திரிகை அடிச்சவன். பொண்ணு வீட்டுக்காரங்க உயிரோட விட்டதே பெரிசு. நீ எந்திரிம்மா, வேற இடத்துல பார்த்துக்கலாம்."

அவர் மட்டும்தான் சிரித்தார்.

அவருடைய போனில் அலாரம் அடித்தது. சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, மாஸ்க்கை இறக்கி, மூன்று மாத்திரைகளை ஒன்றாக வாயில் போட்டார். கேட்காமலேயே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள் அவள். கோபத்திலும் கை மறக்கவில்லை.

"இது உங்க ரிப்போர்ட்தான்," என்றார் டாக்டரம்மா. "பழைய படம் இருக்கான்னு கேட்டோமே?"

"வீடு மாத்தறப்போ தொலைஞ்சு போச்சுன்னு இவர்தான் சொன்னாரே."

"படம் தொலைஞ்சா என்ன, எடுத்த லேப் தொலையாதே. பழசோட வெச்சுப் பார்க்காம நான் நம்பர் போடறதில்லை. ஃபாரத்துல நீங்க எழுதியிருந்த லேபுக்கு போன் பண்ணினேன். மார்ச்ல எடுத்த படத்தோட ஊசி ரிப்போர்ட்டையும் அனுப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுத்தாம்மா ஆறுன்னு எழுதினேன்."

"மார்ச்சா? அது வெறும் நீர்க்கட்டி! ஊசி போட்டு நீரை எடுத்தாச்சுன்னு இவர் சொன்னாரே. ரெண்டு பேருக்கும் உடம்பு முழுக்க செக்கப் பண்ணினாங்க, அப்போ எடுத்தது." பைக்குள் துழாவி, நான்காக மடித்த தாளை விரித்தாள். "பாருங்க, ரெண்டாம் வகை. இவர்தான் போய் வாங்கிட்டு வந்தார்."

டாக்டரம்மா தாளைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். அதே லேப், அதே தேதி, அதே ரிப்போர்ட் எண். திரையில் நான்காம் வகை. அதன் கீழே ஊசியின் முடிவு, புற்றுநோய். தாளில் இரண்டாம் வகை, நீர்க்கட்டி. எழுத்து ஒரு நூல்கூட விலகவில்லை. தேர்ந்த கை.

"அன்னைக்கு ஒன்றரை சென்டிமீட்டர். இன்னைக்கு நாலு. அக்குள்லயும் நெறி கட்டியிருக்கு." டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "மார்ச்லயே வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கலாம். இந்தத் தாளை யாரும்மா அடிச்சது?"

தையல்காரி மெதுவாகத் திரும்பினாள்.

"ஏங்க?"

அச்சகக்காரர் தரையைப் பார்த்தார். "பத்து நாள்தான்... பத்து நாள் கழிச்சு சொல்லிடணும்னுதான் இருந்தேன், சத்தியமா. அப்புறம் நீ படுக்கையில கிடந்தே. எழுந்து நடந்த அன்னைக்கே என் கட்டில்கிட்ட வந்து உட்கார்ந்து சிரிச்சே. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலைம்மா."

"கட்டி பெரிசாகுதுன்னு ஏழு மாசமா சொல்றேனே. உங்க கையை இழுத்து வெச்சுக் காமிச்சேனே. மறுபடி நீர் ஊறுது, பயப்படாதேன்னீங்களே!"



டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பொண்டாட்டிக்குப் புற்றுநோய்னு தெரிஞ்சும் பொய்த் தாள் அடிச்சுக் குடுத்திருக்கீங்க! அந்தப் பத்து நாள்ல அப்படி என்ன சார் தலைபோற காரியம்?"

அவருக்குப் பதிலாக அவள்தான் சொன்னாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"என் கிட்னியை எடுத்து இவருக்கு வெச்சாங்க, டாக்டர்."