கை நழுவிய வாள்

“வாள் விழுந்துடுச்சா? செத்தடா நீ.”

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மகள் சொன்னதைக் கேட்டதும் அப்பாவுக்கு நெஞ்சு திக்கென்றது. அடுத்து சரக் சரக் என்று வெட்டும் சத்தம். அதற்கும் அடுத்து ஒரு சிரிப்பு.

கம்ப்யூட்டரில் வாள் சண்டை. எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர் திரையில் எதிரெதிரே நின்று, ஒருவர் சாயும்வரை வெட்டிக்கொள்ள வேண்டும். பலமாக ஓர் அடி பட்டால் வாள் கையை விட்டுப் பறந்துவிடும். அதை ஓடிப்போய்ப் பொறுக்குவதற்குள் எதிராளி தீர்த்துக் கட்டிவிடுவான். இதற்கு விளையாட்டு என்று பேர்.

அப்பா ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவர். நிஜக் கத்தி நிஜத் தோளை என்ன செய்யும் என்று பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறார். கட்டி முடித்ததும் ஒவ்வொருவரிடமும் “ஈரம் படாம பாத்துக்கங்க” என்று சொல்லிச் சொல்லி, அது அவர் வாயிலேயே குடியேறிவிட்டது. போனை வைக்கும்போதுகூடச் சில சமயம் வந்து விழும்.

போன மாதம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மகளிடம் வெடித்துவிட்டார்.

“இப்படி வெட்டிப் பழகுறவ, நாளைக்கு யாரை வேணும்னாலும் வெட்டுவே.”

அன்றைக்கு மூடியதுதான் மகளின் வாய். பதினேழு வயசு ரோஷம். எதைக் கேட்டாலும் ஒரு ‘ம்’ மட்டும் வரும். அவளே பேசுவாள், கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவரால் விட முடியவில்லை. மகள் மனசு நிஜமாகவே கல்லாகிவிட்டதா என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிற நண்பரிடம் சொல்லிப் புலம்பினார். நண்பர் அனுதாபப்படுவார் என்று பார்த்தால், அவரோ அப்பாவின் போனை வாங்கி, இதிலும் ஆடலாம் என்று அதே ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தார். மகள் ‘கருங்குயில்’ என்ற பெயரில் ஆடுகிறாள் என்பது அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பெயரைத் தேடிச் சண்டைக்குக் கூப்பிடலாமாம். அப்பாவுக்கு ‘இரும்பன்’ என்று பெயர் வைத்தார் நண்பர். தனக்கு ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொள்கிற மனுஷனுக்கு அப்படி ஒரு பெயர்.

சாயங்காலம் டீ இடைவேளையில், ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கருங்குயிலைக் கூப்பிட்டார். “தொடங்குறதுக்கு முன்னாடி எதிராளிக்கு ஒரு வரி எழுதணும், அதுதான் மரியாதை” என்றார் பக்கத்திலிருந்த நண்பர்; அவசரத்தில் அப்பா எதையோ தட்டி அனுப்பினார். அரை நிமிஷத்தில் இரும்பனின் வாள் எகிறிப் போய் விழுந்தது.

வெறுங்கையோடு நிற்கிற ஒருத்தனை என் மகள் வெட்டுவாளா?

கருங்குயில் வெட்டவில்லை. இரண்டடி பின்னால் போய் நின்றது.

போன்தான் நின்றுவிட்டது என்று முதலில் நினைத்தார். இல்லை, கருங்குயில் வாளைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தது. இரும்பன் தட்டுத்தடுமாறிப் போய் வாளை எடுத்த பிறகுதான் சண்டை தொடர்ந்தது. நாலே வெட்டில் இரும்பன் காலி.

அதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினார்.

அடுத்த ஐந்து நாளும் அதே கதைதான். வாள் விழும், கருங்குயில் காத்திருக்கும். பெண் தங்கம்தான், நாம்தான் அவசரப்பட்டுவிட்டோம் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். ஆனால் மகளிடம் போய்ப் பேசத்தான் வாய் வரவில்லை. இன்னும் அதே ‘ம்’ ஓடிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் கருங்குயிலின் வாள் கை நழுவியது.

எப்படி விழுந்தது என்று இரும்பனுக்கே தெரியாது. கருங்குயில் திரும்பி வாளை நோக்கி நடந்தது. அவ்வளவுதான். அப்பாவின் கட்டைவிரல் அவரைக் கேட்கவில்லை. முதுகில் ஒன்று, தோளில் ஒன்று, இன்னும் இரண்டு.

“ஜெயிச்சிட்டீங்க” என்று நண்பர் கை தட்டினார். அப்பாவும் எழுந்து ஒரு குதி குதித்தார். பிறகுதான் திரையைப் பார்த்தார். கருங்குயில் குப்புறக் கிடந்தது. வாள் ஓரடி தள்ளிக் கிடந்தது.

பஸ்ஸில் வீடு வரும்வரை அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நல்லவேளை, இரும்பன் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வெறுங்கையோடு நிற்கிறவளை வெட்டலாம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாளைக்கு அவளும் அதையே செய்தால்? நினைக்க நினைக்க வியர்த்தது. எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு கட்டி, அழைப்பு மணியை அழுத்தினார்.

மகள்தான் கதவைத் திறந்தாள்.

“வாங்க இரும்பன்.”

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

“எப்படிம்மா தெரியும்?”

“மொத நாளே தெரியும்பா. வாள் சண்டைக்குக் கூப்பிட்டுட்டு, ‘ஈரம் படாம பாத்துக்கங்க’ன்னு எழுதுற ஆளு உலகத்துல வேற யாரு?”

தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, வாள் விழுந்தப்ப எல்லாம் நீ காத்துக்கிட்டு நின்னது?”

“மத்தவங்கன்னா அதே எடத்துல முடிச்சிருப்பேன். அதுதான் ஆட்டம். எதிர்ல நிக்கிறது அப்பான்னு தெரிஞ்சப்புறம், உங்க கையில வாள் இல்லாதப்ப எப்படி வெட்டுறது?”

அப்பா பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். மகள் அந்தப் பையை வாங்கிக்கொண்டு, சிரித்தபடியேதான் கேட்டாள்.

“எதிர்ல நிக்கிறது நான்தான்னு உங்களுக்கும் தெரியும், இல்லப்பா?”