வாயடைத்த ஐஸ் கட்டி

"நீயெல்லாம் ஒரு சூனியக்காரின்னு இனிமே வெளிய சொல்லிக்காத, டாம்சின்!" டப்பாவை மேசைமேல் நங்கென்று வைத்தாள் தலைமைப் பூசாரி லோவெனா.

நாளை விடிந்தால் கோடைத் திருநாள். கார்ன்வால் குன்றின்மேல் சூரியனைப் பாட்டுப் பாடி வரவேற்க வேண்டும். பழரசத்துக்கு ஐஸ் தேடி ஊர்க்கூடத்து ஃப்ரீசரைத் திறந்த லோவெனா, கெரென்சாவின் மீன், கெரென்சாவின் பட்டாணி, கெரென்சாவின் கேக் என்று பெயர் எழுதிய டப்பாக்களை நகர்த்தியபோதுதான் இது அகப்பட்டது. உள்ளே ஐஸ் கட்டி, அதன் நடுவில் மடித்த காகிதம். மூடியில் 'கெரென்சா'.

சூனியக்காரிகள் குழுவில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒருத்தி பெயரை எழுதி ஐஸில் உறைய வைத்தால் அவள் வாய் அடைத்துப்போகும். வருஷா வருஷம் அந்தப் பாட்டைப் பாடும் கெரென்சாவுக்கோ மூன்று நாளாகக் குரலே இல்லை.

"பன்னெண்டு வருஷமா அவ பாடுற பாட்டு. இந்தத் தடவை நான் பாடட்டுமான்னு நீ கேட்ட. மறுநாளே அவ குரல் போச்சு, பாட்டு உனக்கு வந்துச்சு. எங்க காதுல பூவா சுத்துற?"

"சத்தியமா நான் வைக்கலைங்க!" டாம்சினுக்கு அழுகை முட்டியது. பாட்டு போனால் போகட்டும், குழுவை விட்டே துரத்திவிடுவார்களே.

அதற்குள் கெரென்சா டப்பாவைப் பிடுங்கப் பாய்ந்தாள். தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள், ஃப்ரீசரைக் காட்டிக் காட்டிக் குதித்தாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"பாருங்கடி, இவ்வளவு நடந்தும் இவள மன்னிச்சு விடச் சொல்றா. தங்கமான மனசு!" லோவெனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கவலப்படாத கண்ணு, இப்பவே கட்டை அவுத்துடறேன்."

கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஐஸ் மேல் ஊற்றினாள். கெரென்சா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

லோவெனா ஈரக் காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள்: "டாம்சின் வாயே திறக்கக் கூடாது."

லோவெனா காகிதத்தைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், கெரென்சாவைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, சூனியம் வெச்ச டப்பாவுலயுமா உன் பேரை எழுதி வைப்ப?"