பெயர் கேட்காத சங்கம்

கொரியாவின் குன்சான் நகரக் குழந்தைகள் இல்லத்தின் அலுவலறையில் அன்று இருந்தவர்கள் நால்வர்: தலைவர் மெங் தேகில், மனைவி ஓக்பூன், மகன் இன்சிக், இல்லப் பராமரிப்பாளர் சங்கத்திலிருந்து வந்த பெண் ஹம் யூன்ஜே.

"சேர்ந்தா என்ன லாபம்?" என்றார் தலைவர்.

"பயிற்சி உண்டுங்கய்யா. பிள்ளைங்ககிட்ட பொறுமை போயிடுச்சுன்னா உடனே எங்களுக்குப் போன் பண்ணலாம். பேரு கேக்க மாட்டோம்."

"பிள்ளை வளர்க்கத் தெரியலைன்னு ஊரான்கிட்ட ஒப்பாரி வைக்க ஒரு சங்கமா? மூணு தலைமுறையா இல்லம் நடத்துற குடும்பம்மா இது."

"அப்பா, பிள்ளைங்களைப் பாத்துக்க முடியாம போன மாசம் ரெண்டு பேரு வேலையை விட்டுப் போயிட்டாங்க," என்றான் இன்சிக்.

"போகட்டும்டா. உங்கம்மா பத்து பேருக்குச் சமம். அவ குரல்கூட உயராது."

பெருமையோடு மனைவியைப் பார்த்தார். அதுவரை பேசாமல் விருந்தாளிக்குப் பேரிக்காய் சீவிக்கொண்டிருந்த ஓக்பூன், தட்டை யூன்ஜேயிடம் நீட்டினாள்.

"இருமல் நின்னுடுச்சாம்மா? அன்னிக்குப் போன்ல பேசவே முடியாம இருமினியே."

அந்தக் குரலை யூன்ஜே அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்களா அம்மா?"

தலைவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ... இவளுக்கா போன் பண்ணின?"

"ஆமா. அந்தப் புதுப் பையன்கிட்ட என் பொறுமை போன அன்னிக்கு. உங்ககிட்ட சொன்னா குடும்ப மானம்னு வாயை அடைச்சிருப்பீங்க."

தலைவர் பேனாவை எடுத்தார். "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார்.

மெங் வீட்டம்மாள் பிள்ளையை அடித்துவிட்டாள், அதை மறைக்கத்தான் சங்கத்தில் சேர்ந்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் அடிக்கவில்லை. ஓங்கிய கையை இறக்கிப் போனை எடுத்தாள்.