கிளிப்பச்சைத் துணி

அமராவதிக் கரை மண்பாதையில், ஆற்றைக் கடந்து கணியூர் வரை சைக்கிள் பயணம். பனியன் கம்பெனி ஆட்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூத்து. இந்த முறை திட்டம் கட்டிங் பிரிவு நதியாவுடையது. வெட்டியது போக மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டைக் கிழித்து, வழி அடையாளமாகத் திருப்பத்துக்குத் திருப்பம் சிவப்புத் துணி முன்கூட்டியே கட்டி வைத்திருந்தாள். ஆற்றில் வெள்ளம் என்பதால் அக்கரைக்கு மட்டும் போய்க் கட்டவில்லை.

"அக்கரைல வழி தப்புச்சுன்னா, பழையபடி நான்தான் லீடரு. பாத்துக்கோ அம்மணி," என்றார் சூப்பர்வைசர் திருமூர்த்தி.

"மொதல்ல தப்பட்டும்ணே, பொறவு பாப்போம்!"

ஞாயிறன்று வெள்ளம் வடிந்திருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடந்தார்கள். அக்கரையில் முதல் பனைமரத்திலேயே ஒரு துணி. கிளிப்பச்சை. நதியா போடும் அதே இரட்டை முடிச்சு.

அவள் கட்டியதெல்லாம் சிவப்புதானே! பெடலை மிதித்தாள். வழியெல்லாம் பச்சை. வெயில் ஏறும் முன்பே கணியூர்!

"இனி நீதான் லீடரு அம்மணி!" திருமூர்த்திக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் சாயப் பட்டறையிலிருந்து புதுத் துணி ரோல் வந்தது. அந்தக் கலரில் இதுதான் முதல் ரோல். சீல் உடையாத உறையைப் பிரித்தது நதியா. கிளிப்பச்சை. ஓரம் மட்டும் பட்டை பட்டையாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

நதியா அதைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு பொங்கியது.

"அண்ணே, அடுத்த வாரம் நொய்யல் கரை. சாமளாபுரம் வரைக்கும். வழிக்குத் துணி கட்டியாச்சுன்னே வச்சுக்கோங்க!"