நாற்பது பேரில் ஒருத்தி

“ஆளுக்கொரு பேப்பர். ‘பொன்னுத்தாய்’னு அஞ்சு தடவை எழுதுங்க. யாரும் யாரையும் பார்க்கக் கூடாது!”

சூப்பர்வைசர் செல்லக்கண்ணு அதட்டியதில், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜவுளிக்கடையின் நாற்பது ஊழியர்களும் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்கள். செல்லம் எல்லாம் அவர் பேரோடு சரி. ஐந்து நிமிஷம் லேட்டானால் அரை நாள் சம்பளத்தை வெட்டுகிற மனுஷர்.

விஷயம் இதுதான். தீபாவளி சீசனில் ஒரு நாள் வராவிட்டாலும் அங்கே வேலை போய்விடும். பெருக்கித் துடைக்கும் பொன்னுத்தாய் போன வெள்ளிக்கிழமை வரவில்லை. ஆனால் அட்டெண்டன்ஸ் நோட்டில் அவள் கையெழுத்து இருக்கிறது. நோட்டு வைத்திருக்கும் மூலையில் கேமராவும் கிடையாது.

“யார் போட்டதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க” என்றாள் பொன்னுத்தாய்.

கண்டுபிடிக்க வந்திருந்தவள் உறையூர் ஜெஸ்லின். கையெழுத்துச் சோதனையில் ஆராய்ச்சி செய்து, புள்ளியியலில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள். அவள் எழுதிய சாஃப்ட்வேருக்கு இதுதான் முதல் வேலை. ஆளைப் பிடித்துவிட்டால் எல்லாக் கிளைகளுக்கும் வாங்கிக்கொள்வதாக முதலாளி அழகர்சாமி சொல்லியிருந்தார்.

லேப்டாப்பில் ஒரு பேர் வந்தது. விஜயராணி, சேலைப் பிரிவு.

“மாட்டினாளா!” என்றார் அழகர்சாமி. “உன் மெஷின் கெட்டிக்கார மெஷின்மா. செல்லக்கண்ணு, ரெண்டு பேருக்கும் கணக்கை முடிச்சு அனுப்பு.”

“நான் போடலைங்க மேடம்…” விஜயராணி அழுதேவிட்டாள்.

“சார், கொஞ்சம் பொறுங்க. இது முதல் கட்டச் சோதனைதான்” என்றாள் ஜெஸ்லின்.

“அதான் பேரு வந்துடுச்சேம்மா?”

“ஒருத்தரை மட்டும் ஒப்பிட்டுப் பொருந்தினா ஓரளவு நம்பலாம். நாற்பது பேரை வரிசையா ஒப்பிட்டா, எழுதாதவங்களே ஒண்ணு ரெண்டு பேர் தற்செயலா மாட்டுவாங்க. எத்தனை பேரைப் பார்க்கிறோமோ, அதுக்குத் தகுந்த மாதிரி சோதனையை இறுக்கணும்.”

இறுக்கினாள். விஜயராணி பேர் மறைந்தது. திரை காலி.

“அப்ப யாருதான் போட்டது?”

“தெரியலை சார்.”

“இதைச் சொல்ல மெஷின் எதுக்கு? அந்தப் பேரே இருந்திருந்தா இன்னிக்கே செக் எழுதியிருப்பேன். எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா.”

ஜெஸ்லின் முகம் சுண்டிப்போனது. இதற்காக எத்தனை நாள் தூக்கம் கெட்டிருப்பாள்! ஆனாலும் குரல் தடுமாறவில்லை.

“பரவாயில்லை சார். தப்பான ஆளைக் காட்டிக்கொடுக்க நான் இதைச் செய்யலை.”

லேப்டாப்பை மூடப் போனாள்.

“மூடாதம்மா.” செல்லக்கண்ணு ஒரு பேப்பரை இழுத்து மளமளவென்று எழுதி நீட்டினார். “நாற்பது பேர் எழுதினாங்க. எழுத வச்சவன் எழுதலையே. இதையும் பாரு.”

இறுக்கிய சோதனையிலும் திரையில் அவர் பேர் பச்சையாக மின்னியது.

செல்லக்கண்ணு முதலாளி பக்கம் திரும்பினார்.

“புள்ளைக்கு ஜன்னி கண்டு புத்தூர் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன்னு போன்ல அழுதா முதலாளி. லீவெல்லாம் கிடையாதுன்னு கத்திட்டுத்தான் வச்சேன். வச்சப்புறம் மனசு கேக்கல.”

பொன்னுத்தாய் அவரையே பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது.

“இத்தனை நாள் பயத்துல வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வர்ற ஆர்டர் போனாலும் போகட்டும்னு இந்தப் பொண்ணு நிக்குது. இதுக்கு மேலயும் நான் சும்மா இருந்தா நல்லா இருக்காது.”

செல்லக்கண்ணு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து முதலாளியின் மேஜையில் வைத்தார். பிறகு ஜெஸ்லினின் லேப்டாப்பைத் தட்டிக்கொடுத்தார்.

“என்னை என்ன வேணாலும் பண்ணுங்க முதலாளி. மெஷினை மட்டும் வாங்கிடுங்க. அது சரியாத்தான் வேலை செய்யுது.”