கழுத்துப் பட்டை

எனக்குத் திக்குவாய். வார்த்தை சிக்கும்போது எனக்காகப் பேசட்டும் என்று, திருப்பூரில் நான் தைக்கும் பனியன் கம்பெனி என் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டிவிட்டது. அதற்கு அச்சு அசல் என் குரல்.

மாலையில் சூப்பர்வைசர் வந்தார். "துரைசாமி, இன்னைக்கும் ரெண்டாவது ஷிப்டு பாத்துர்றியா?"

நாலு நாளாக மகள் விழித்திருக்கும்போது நான் வீட்டில் இல்லை. வாயைத் திறந்தேன்.

"சரிங்க, பாத்துர்றனுங்க," என்றது பட்டை. நேற்றும் அதேதான் சொன்னது.

பிடுங்கி மெஷின்மேல் போட்டேன். "மு... மு..."

"பட்டையப் போட்டுட்டுப் பேசுப்பா. எனக்கு வேலை கெடக்குது."

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு முழு நிமிடம் நிற்கவைத்து, கடைசி எழுத்துவரை நானே சொன்னேன்.

"முடியாதுங்க."

பக்கத்து மெஷினில் தைக்கும் பூவாத்தாளும் தன் பட்டையைக் கழற்றினாள். அவளுக்குத் திக்குவாயே கிடையாது.